கமக்காரருக்குக் கடன் செயலி செய்கிறவர்களுக்கு

கமக்காரருக்குக் கடன் எடுக்க உதவும் செயலி என்றால், முதல் திரையிலேயே 'விண்ணப்பிக்க' என்ற பொத்தானைப் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பொத்தானைக் கடைசித் திரைக்குத் தள்ளுங்கள். வடக்கு இலங்கையின் வன்னியில் கடன் கிடைப்பது பெரிய பாடில்லை. மோட்டார் சைக்கிளில் வாசலுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எடுக்கிற கடனின் உண்மையான விலை என்ன, அதை எந்த மாதம் கட்ட ஏலும் என்ற இரண்டும்தான் தெரியாமல் கிடக்கின்றன. அவற்றைச் சொல்லும் செயலிதான் நியாயமான கடனுக்கு வழி காட்டும்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சிக்கன கடன் கூட்டுறவுச் சங்கத்தில் நெடுங்காலம் கணக்கு எழுதியவள். இப்போது மருமகன் கோட் எழுதுகிறான், நான் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து "இது சரிவராது தம்பி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இதில் நிரலாக்கம் குறைவு, கணக்கு அதிகம்.

காசு வரும் மாதம் எது?

பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் பிறகு. முதலில் பன்னிரண்டு கட்டங்கள் உள்ள ஒரு திரை. எந்த மாதம் காசு போகும், எந்த மாதம் வரும் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஐப்பசி, கார்த்திகை என்பார்கள். கடன் பத்திரம் ஒக்டோபர், நவம்பர் என்று பேசும். இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் எழுதுங்கள்.

மாரி மழையோடு செய்யும் காலபோகத்தில் காசு போவது தவணை தவணையாக: உழவுக்கு, விதைநெல்லுக்கு, அப்புறம் யூரியாவுக்கும் களைநாசினிக்கும், கடைசியில் வெட்டுமெசினுக்கு. வருவது ஒரே தடவை, தை கடைசியிலிருந்து பங்குனிக்குள். கோடையில் செய்யும் சிறுபோகம் இன்னும் சிக்கல். இரணைமடுவோ, முத்தையன்கட்டோ, வவுனிக்குளமோ, குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில்தான் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். கூட்டத்துக்கு முன்னமே சிறுபோக வருமானத்தை நம்பித் தவணை போட உங்கள் செயலி விடக்கூடாது. மானாவாரிக் காணிக்காரருக்கு அந்தக் கட்டமே வெறுமையாகத்தான் இருக்கும்.

மாடு வைத்திருக்கிற வீடு வேறு. பால் காசு கிழமைக்கோ பதினைந்து நாளுக்கோ ஒருமுறை வரும். அவர்களுக்குக் கிழமைத் தவணை பொருந்தும். புதுக்குடியிருப்புப் பக்கம் மேட்டுக்காணியில் கச்சான் (நிலக்கடலை) போடுகிறவர்களின் கட்டம் இன்னொரு மாதிரி. நெல் மட்டும் செய்கிறவரிடம் கிழமைக்குக் கிழமை கட்டச் சொன்னால், அவர் அதைக் கட்டுவதற்கே இன்னொரு கடன் எடுப்பார். வட்டி குறைந்த கடன்கூட அவருக்கு அந்த இடத்தில் நியாயமில்லாததாகிவிடும்.

கடனின் விலை

ஒரு அக்கா, குழுவாக ஒருவருக்கொருவர் பிணை நின்று எடுக்கும் குழுக்கடனின் அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முழுக்கக் கட்டங்கள், கிழமைக்கு ஒரு கையெழுத்து. மழையில் மை கரைந்த இடங்களில் அவரே பேனையால் திரும்ப எழுதியிருந்தார்.

"பிள்ளை, இதிலை வட்டி எண்டு எங்கை கிடக்கு?"

அட்டையில் அது இல்லை. கட்ட வேண்டிய தொகை மட்டும் இருந்தது. உங்கள் செயலி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். அட்டையில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டே அதைச் செய்யலாம்: கையில் வந்தது எவ்வளவு, ஒரு தடவைக்குக் கட்டுவது எவ்வளவு, எத்தனை தடவை.

ஓர் உதாரணக் கணக்கு. 100,000 ரூபாய், 12 மாதம், 'வருட வட்டி 24 வீதம்' என்கிறார்கள். ஒரு லட்சத்துக்கு 24,000 வட்டியைக் கூட்டிப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 10,333. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் முதல் மாதமே எடுத்த லட்சத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டீர்கள். கடைசி மாதம் உங்கள் கையில் மிஞ்சியிருப்பது ஏறத்தாழ எண்ணாயிரம்தான். வட்டியோ முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது வருடம் 42 வீதத்துக்குக் கிட்ட. இனி, பத்திரச் செலவு, காப்புறுதி என்று முன்கூட்டியே 3,000 கழித்து 97,000 மட்டும் கையில் தந்தால்? மாதம் 4 வீதம், வருடம் 48. வெறும் மூவாயிரம் செய்கிற வேலை அது.

நிரலில் இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். ஒரு வீதத்தை ஊகித்து, கூடினால் குறைத்து, குறைந்தால் கூட்டிக்கொண்டு போனால் சாதாரண போனிலேயே கண்மூடித் திறப்பதற்குள் விடை வரும். இணையமும் தேவையில்லை. திரையில் மட்டும் வீதத்தைச் சின்னதாகப் போட்டு, ரூபாயைப் பெரிதாகப் போடுங்கள்: கையில் வருவது 97,000, கொடுப்பது 124,000, மேலதிகம் 27,000. பக்கத்திலேயே, அதே லட்சத்தைச் சங்கத்தில் வருடம் 12 வீதத்துக்கு எடுத்து, ஆறு மாதத்தில் அறுவடைக் காசில் ஒரேயடியாகக் கட்டினால் 106,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவருக்கு நீங்கள் அறிவுரை சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்குக்குள் கடைக்காரரின் கடனையும் கொண்டுவாருங்கள். வங்கிக் கடனைப் பற்றி மட்டும் பேசும் செயலி வன்னியில் பாதிக் கடனைப் பார்க்கவே இல்லை. கார்த்திகையில் 60,000 ரூபாய்க்கு உரமும் மருந்தும் கடனாக எடுக்கிறார் என்று வைப்போம். வட்டி இல்லை என்கிறார்கள். ஆனால் மாசியில் நெல்லை அவருக்கே, சந்தை விலையிலிருந்து கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்துக் கொடுக்கவேண்டும். இரண்டு ஏக்கரில் 3,000 கிலோ விளைந்தால் 15,000 ரூபாய் அங்கேயே போச்சு. மூன்று மாதத்துக்கு 25 வீதம்! மூடைக்கு 2 கிலோ 'கழிவு' வெட்டினால் 65 கிலோ மூடைக் கணக்கில் இன்னும் 92 கிலோ. அதையும் ரூபாயாக்கிக் காட்டுங்கள். கடைக்காரரைக் குற்றம் சொல்லும் வசனம் ஒன்றும் வேண்டாம். மழைக்குள் அவசரமாக உரம் தேவைப்படுகிற அன்றைக்குக் கதவு திறந்திருப்பது அவருடைய கடைதான்.

நெல் குறைந்த விலைக்குப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரசாங்கத்துக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபை பொதுவாக 14 வீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த நெல்லைத்தான் கேட்கும். காயவிட இடமும் நாளும் இல்லாமல், கடனும் கழுத்தில் நிற்கும்போது வயலடியிலேயே பச்சை நெல்லாக விற்கிறார்கள். ஆகவே உங்கள் செயலியில் 'காயவைத்து விற்கப் பத்து நாள் வேண்டும்' என்று கேட்டால் தவணைத் திகதி பத்து நாள் பின்னால் போகட்டும்.

நகை அடைவுக்குக் கணக்கு லேசு. அதற்கு வேண்டியது ஞாபகப்படுத்தல் மட்டும். அடைவுச் சீட்டின் முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்னே ஒரு எஸ்எம்எஸ். ஏலத்துக்குப் போன தாலிக்கொடிக்கு எந்தச் செயலியாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

பத்திரம் கேட்பது

'காணி உறுதியைப் பதிவேற்றுக' என்று கட்டாயக் கட்டம் போட்டால் வன்னியில் எத்தனையோ பேர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். குடியேற்றத் திட்டக் காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெமிற்றாக (அரச அனுமதிப் பத்திரமாக) கொடுக்கப்பட்டவை. அவற்றை உறுதிக் காணி மாதிரி நினைத்தபடி ஈடு வைக்க ஏலாது. ஆகவே உறுதி, அரச அளிப்பு, பெமிற், குத்தகை, பத்திரம் இல்லை என்று எல்லாவற்றையும் தெரிவாகக் கொடுங்கள். 'இல்லை' என்றவருக்கு அடுத்த திரை மூடக்கூடாது. கமநல சேவை நிலையத்தின் பதிவு, கமக்காரர் அமைப்பின் கடிதம், கிராம அலுவலரின் கடிதம் என்று மாற்று வழி காட்டவேண்டும். அவர் இந்தக் காணியில் பயிர் செய்கிறார் என்பதுதான் தெரியவேண்டியது.

கணவர் பெயர் கேட்காதீர்கள். 2009இல் போர் முடிந்த பிறகு இங்கே தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனையோ பேர். சிலருக்கு 'கைம்பெண்' என்ற கட்டத்தைத் தொடுவது, இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஒருவரை இறந்ததாக எழுதிக் கொடுப்பது. அந்தக் கேள்வி கடனுக்குத் தேவையே இல்லை. வங்கிப் படிவத்தில் இருக்கிறதே என்று மருமகன் கேட்டான். வங்கிக்கு வேண்டுமென்றால் வங்கியே கேட்கட்டும்.

போன்

அநேகமான வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது பிள்ளையோடு ரியூசனுக்குப் போய்விடும். ஆகவே செயலியைத் திறக்க இரகசிய (PIN) இலக்கம் கட்டாயம். பூட்டின திரையில் 'உங்கள் கடன் நிலுவை' என்று தொகையோடு செய்தி வரவே கூடாது. வாய்க்கால் கரையில் சிக்னல் விழுந்து எழும்பும். எழுதியது போனிலேயே தங்கி, ஒட்டுசுட்டான் சந்திக்கு வந்ததும் தானாகப் போய்ச் சேரட்டும். தமிழ் வசனம் ஆங்கிலத்தைவிட நீளம், பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படும். அதை முதல் நாளே பாருங்கள். வாசிக்கக் கஷ்டப்படுகிறவருக்குக் குரல் வைக்கிறதென்றால், ஊர் ஆள் ஒருவரைக்கொண்டு பதிவுசெய்யுங்கள்.

தொடர்பு இலக்கங்களைப் பார்க்க அனுமதி கேட்கவே வேண்டாம். ஆள்பிடித்துக் கடன் கொடுக்கும் செயலிகள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் உறவுக்காரருக்கெல்லாம் அழைத்து மானத்தை வாங்குகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வாசித்துவிட்டு, எதைச் சேமிக்கிறீர்கள் என்று பத்து வரிக்குள் சொல்லுங்கள்.

போகம் அழிந்தால்

2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டு விளைச்சல் விழுந்தது. இரண்டிலும் கமக்காரரின் பிழை ஒன்றுமில்லை. தவணைத் திகதி மட்டும் அசையவில்லை. ஆகவே 'பயிர் அழிந்துவிட்டது' என்று ஒரு பொத்தான் வேண்டும். அதைத் தொட்டால் திகதியோடும் இடத்தோடும் படம் எடுக்கவேண்டும், கமநலக் காப்புறுதிச் சபைக்குக் கொடுக்கவேண்டிய விபரம் ஒரு பக்கமாக வரவேண்டும், கடன் தந்தவருக்குக் கால நீடிப்புக் கடிதம் தயாராகவேண்டும். அந்தக் கடிதத்தை ஏற்கிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்து வைக்கிற நிறுவனத்தை மட்டும் பட்டியலில் சேருங்கள். மற்றவர்கள் வேண்டாம், எவ்வளவு பெரிய பெயரானாலும். அதற்கு முன்னம், மத்திய வங்கி அனுமதியோ கூட்டுறவுப் பதிவோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டியது உங்கள் வேலை. சிறு கடன் கொடுக்கும் நுண்நிதி நிறுவனங்களுக்கு 2016இலேயே 6ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது.

குழுக்கடனில் ஒருவரின் நிலுவையை மற்றவர்களுக்குக் காட்டும் திரை வேண்டவே வேண்டாம்.

பரீட்சித்துப் பார்ப்பதை ஆவணி, புரட்டாதிக்குள் முடியுங்கள். ஐப்பசியில் மழை இறங்கினால் ஒருவரும் உங்கள் போனைப் பார்க்க வரமாட்டார்கள். கமநல சேவை நிலைய விறாந்தையில் ஆட்கள் காத்திருக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். போனைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். ஒருவர் எந்தத் திரையில் பிள்ளையைக் கூப்பிடுகிறாரோ அந்தத் திரையைத் திருத்தவேண்டும்.

செயலிக்கு யார் காசு தருவது என்பதையும் எழுதத் தொடங்கும் முன்னே முடிவெடுங்கள். கடன் கொடுப்பவரிடம் தரகு வாங்கினால், கொஞ்ச நாளில் அதிகம் தருகிறவரின் பெயர் மேலே ஏறும், நீங்கள் விரும்பாவிட்டாலும். சங்கங்களிடமும் கமக்காரர் அமைப்புகளிடமும் போகத்துக்கு ஒரு சிறு கட்டணம் வாங்குவது மெதுவான வழிதான், ஆனால் பட்டியலை மொத்தச் செலவு குறைந்தது மேலே வரும்படி வைத்துக்கொள்ளலாம். அந்த ஒழுங்கை மாற்றும் வசதியை நிர்வாகத் திரையில்கூட வைக்கவேண்டாம் என்று மருமகனிடம் சொல்லியிருக்கிறேன்.