மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்காகப் பேசுவது: செவிலியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயக்க மருந்து ஏறிய பிறகு நோயாளியால் வாய் திறக்க முடியாது. மூச்சு முட்டுகிறது என்றோ, இந்தக் கால் இல்லை அந்தக் கால் என்றோ அவருக்காகச் சொல்ல ஆள் வேண்டும். அமெரிக்காவில் இதற்கென்றே படித்த செவிலியர்கள் மயக்க மருந்தைத் தாங்களே கொடுக்கிறார்கள். நம் ஊரில் கொடுப்பவர் டாக்டர், செவிலியர் உடன் நிற்பவர். தவறுகள் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முதல் தவறு கேள்வியிலேயே இருக்கிறது. "சாப்பிட்டீங்களா?" என்றால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். விடிகாலையில் குடித்த காபியை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பால் கலந்த காபிக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும்; வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. "கடைசியா வாயில என்ன போச்சு, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. காலை 8 மணி கேஸ் மதியத்துக்குத் தள்ளிப்போகும். நோயாளி முந்தின இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடப்பார். பெரும்பாலானோர் மயக்கம் கொடுப்பதற்கு 2 மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம். நேரம் மாறியதுமே டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

"அலர்ஜி இருக்கா?" என்பதோடு நிறுத்துவதும் போதாது. வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து மூச்சு திரும்பத் தாமதமானதா, வென்டிலேட்டரில் வைத்தார்களா என்று கேட்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ஸ்கோலின் ஊசியின் வேலை சாதாரணமாகச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதை உடைக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்குத் தசைகள் மணிக்கணக்கில் செயலிழந்து கிடக்கும். தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தில் இந்தக் குறைபாடு அதிகம் என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, ஆபத்தைப் பார்த்தும் பட்டும்படாமல் சொல்வது. 2005-இல் இங்கிலாந்தில் சைனஸ் அறுவைக்கு வந்த எலேன் பிராமிலிக்கு மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழாய்க்கு வழி கிடைக்கவில்லை. ஒரு செவிலியர், கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யும் ட்ரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். டாக்டர்களோ டியூப் போடும் முயற்சியிலேயே மூழ்கியிருந்தார்கள். இருபது நிமிடத்துக்கும் மேல் ஆக்சிஜன் போதாமல் மூளை பாதிக்கப்பட்டு, சில நாளில் அவர் இறந்துபோனார். அந்தச் செவிலியரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் சரியாகத்தான் கண்டுகொண்டார். ஆனால் "செட் இருக்கு" என்பது தகவல் மட்டுமே. பதற்றத்தில் இருப்பவர் காதில் ஏற வேண்டுமானால் பெயர், எண், கோரிக்கை மூன்றும் வேண்டும்: "குமார் சார், ஆக்சிஜன் சாச்சுரேஷன் 70. மூணு தடவை டியூப் போகலை. கழுத்து வழியா இப்பவே போகணும்." பதில் வராவிட்டால் இன்னும் சத்தமாக ஒருமுறை. அதற்கும் அசைவில்லை என்றால் அறுவை டாக்டரிடம் சொல்லி, இன்னொரு மயக்க மருந்து டாக்டரையும் கூப்பிட வேண்டும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை மொத்தமாகக் கடைசியில் டிக் அடிப்பது வழக்கமாகிவிட்டது. அதன் முதல் பகுதி மயக்கம் கொடுக்கும் முன், நோயாளி தன் பெயரையும் அறுவை நடக்கும் பக்கத்தையும் தானே சொல்லக் கேட்டு முடிக்க வேண்டியது.

எழுந்தபின் "நீங்க பேசினது எல்லாம் கேட்டுச்சு" என்று ஒருவர் சொன்னால், "கனவு கண்டிருப்பீங்க" என்று வாயடைக்காதீர்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வு 2014-இல் சொன்ன கணக்கு, பொது மயக்கம் பெற்றவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர் இப்படிச் சொன்னதாக. பொது மயக்கத்தில் நடந்த சிசேரியனில் 670 பேருக்கு ஒருவர். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, மயக்க மருந்து டாக்டரை அன்றே படுக்கைக்கு வரவழையுங்கள். டியூப் போடச் சிரமப்பட்டதோ ஸ்கோலின் பிரச்சினையோ இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு தனிச் சீட்டிலும் எழுதி வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். அடுத்த ஆபரேஷன் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நடக்கலாம்.