கிட்னியில் கட்டி என்றதும் செய்யக் கூடாதவை

செங்கோட்டையில் ஸ்கேன் பார்க்கிறேன். ஆரியங்காவு தாண்டி புனலூர்க்காரர்களும் வருவார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என் பழைய தப்புகளையே வரிசையாகச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இடது, வலது மாற்றி எழுதுவதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம், விடுங்கள்.

ப்ளெயின் எடுக்காமல் காண்ட்ராஸ்ட்டுக்குத் தாவுவது

ப்ளெயின் என்றால் மருந்து ஏற்றாமல் எடுக்கும் சிடி, காண்ட்ராஸ்ட் என்றால் ஊசியில் மருந்து ஏற்றி எடுப்பது. இதற்குத்தான் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஆஞ்சியோமயோலிப்போமா என்பது ரத்தக்குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்த சாதுவான கட்டி. உள்ளே கொழுப்பைக் காட்டிவிட்டால் பெரும்பாலும் கேஸ் முடிந்தது. ஆனால் மருந்து ஏறினால் குழாயும் தசையும் பளிச்சென்று வெளுத்து, கொஞ்சமாக இருக்கும் கொழுப்பை மறைத்துவிடும்.

நான் புதுசாக இருந்தபோது புனலூர்ப் பக்கத்து சேச்சி ஒருவர் வந்தார், 3 செ.மீ. கட்டி. வெளியே கூட்டம், நேரம் மிச்சமாகட்டும் என்று ப்ளெயினை விட்டுவிட்டு, புற்றுநோய் சந்தேகம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு கிட்னியையே எடுத்துவிட்டார்கள். திசுப் பரிசோதனையில் ஆஞ்சியோமயோலிப்போமா. ரிப்போர்ட்டோடு திரும்பி வந்தவர் சண்டை போடவில்லை, "அப்போ எடுக்கண்டாயிருந்நு, அல்லே சாரே?" (அப்போ எடுத்திருக்கவே வேண்டாம், இல்லையா சார்?) என்று மட்டும் கேட்டார்.

போன மாதம் ஒரு பையன் அதே வேலையைச் செய்துவிட்டு, கதிர்வீச்சு குறையுமே சார் என்கிறான்! ப்ளெயினில் மெல்லிய ஸ்லைஸ் எடு, 5 மி.மீ. தடிமனில் துளிக் கொழுப்பு கரைந்துபோகும். அளக்கும் வட்டத்தைக் கட்டிக்கு நடுவில் சின்னதாக வை, ஓரத்தில் வைத்தால் கிட்னியைச் சுற்றியுள்ள கொழுப்பை அளந்துவிட்டு நீயே ஏமாறுவாய். சிடி அடர்த்தி அளவு (ஹவுன்ஸ்ஃபீல்ட் யூனிட்) மைனஸ் 10-க்குக் கீழே போனால் கொழுப்பு.

அல்ட்ராசவுண்டில் வெள்ளை, அதனால் கொழுப்பு

சின்னப் புற்றுநோயும் வெள்ளையாகத் தெரியும். சிடி போடு.

"சாதுக் கட்டிதான், போங்கம்மா"

ஆஞ்சியோமயோலிப்போமா 4 செ.மீ.க்கு மேல் போனால் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டலாம், கர்ப்ப காலத்தில் பயம் இன்னும் அதிகம். இரண்டு பக்கமும் பல கட்டிகள் இருந்தால் வலிப்பு உண்டா, மூக்கைச் சுற்றிப் பரு மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். பல உறுப்புகளில் கட்டி வரவைக்கும் மரபணு நோயான டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸாக இருக்கலாம்.

ஆன்கோசைட்டோமா என்று அடித்துச் சொல்வது

இதுவும் ஒரு சாதுக் கட்டிதான். ஆனால் நடுவில் தழும்பு தெரிந்தாலும் சொல்லாதீர்கள், புற்றுநோயிலும் அப்படித் தெரியலாம்.

கைக்குழந்தைக்கும் வில்ம்ஸ் என்றே எழுதுவது

வில்ம்ஸ் என்பது குழந்தைகளுக்கு வரும் கிட்னிப் புற்றுநோய், அதிகம் வருவது மூன்று, நான்கு வயதில். பிறந்து மூன்று மாதத்துக்குள் என்றால் முதலில் நினைக்க வேண்டியது மீசோபிளாஸ்டிக் நெஃப்ரோமா, பெரும்பாலும் சாதுவான கட்டி. 1967-இல் பொலாண்டே என்ற நோயியல் மருத்துவர் இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அதற்காகத் தாயிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாதீர்கள், இதையும் அறுவை செய்துதான் எடுக்க வேண்டும், செல்லுலர் வகை என்றால் திரும்பவும் வரலாம்.

பிபி கேட்காமல் விடுவது

இருபது வயதுப் பையனுக்கு பிபி எகிறி, பொட்டாசியமும் குறைந்திருந்தால், பிபியை ஏற்றிவிடும் ரெனினைச் சுரக்கும் குட்டிக் கட்டி ஒன்று கிட்னியில் ஒளிந்திருக்கலாம். அதை எடுத்தால் பெரும்பாலும் பிபி இறங்கிவிடும். இதற்காகவே எங்கள் படிவத்தில் பிபிக்கு ஒரு கட்டம் போட்டு வைத்தேன். பாதி நாள் காலியாகத்தான் வருகிறது.