அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? பிளஸ் ஒன்னிலிருந்தே செய்ய வேண்டியவை

நம் ஊரில் பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேர பெரும்பாலும் மதிப்பெண் போதும். கட்-ஆஃப் எவ்வளவு, கவுன்சலிங்கில் எந்த ரவுண்டு, அவ்வளவுதான் பேச்சு. அமெரிக்காவில் இளங்கலை படிக்க விண்ணப்பித்தால் மதிப்பெண்ணோடு ஒரு கட்டுரை, ஆசிரியர்களின் கடிதங்கள், வகுப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள் என்ற பட்டியல் என்று எல்லாவற்றையும் கேட்பார்கள். சில வருடங்களாக எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் விண்ணப்பங்களைக் கூட உட்கார்ந்து பார்த்து வருகிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள்தான் அதிகம் தயங்குகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: நாள்காட்டியை முதலில் எடுங்கள்

ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் 'காமன் ஆப்' என்ற ஒரே இணையதளம் வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. அதில் 20 கல்லூரிகள் வரை சேர்க்கலாம். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1 அன்று புதிய விண்ணப்பம் திறக்கும். முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசி நாள். மற்றவர்களுக்கு ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி வரும்.

இதை நம் பள்ளி நாள்காட்டியோடு வைத்துப் பாருங்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரியில் சிலருக்கு ஜேஇஇ, மார்ச்சில் பொதுத்தேர்வு. டிசம்பரில் கட்டுரை எழுத உட்கார்ந்தால் இரண்டும் கெடும். அதனால் பிளஸ் ஒன் முடிந்த கோடை விடுமுறையிலேயே கட்டுரையைத் தொடங்கி, காலாண்டுக்கு முன் முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, பெயர். நமக்கு இனிஷியல், அவர்களுக்கு முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் பொதுத் தேர்வு), ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பம் எல்லாவற்றிலும் எழுதுங்கள். ஓரிடத்தில் இனிஷியல், ஓரிடத்தில் அப்பா பெயர் என்று எழுதிவிட்டு, தேர்வு மதிப்பெண் விண்ணப்பத்தோடு சேராமல் தவித்த பையனை எனக்குத் தெரியும்.

படி 2: பணத்தைப் பற்றி வீட்டில் பேசுங்கள்

கல்லூரிப் பட்டியல் போடும் முன்பே இந்தப் பேச்சு நடக்க வேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில் வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டாலும் அது சேர்க்கை முடிவைப் பாதிக்காது. சேர்த்துக்கொண்டால் குடும்பத்தால் கட்ட முடியாத தொகையைக் கல்லூரியே ஏற்கும். ஆனால் அங்கே இடம் கிடைப்பது மிகக் கடினம். மற்ற பல கல்லூரிகளில் உதவி கேட்பதும் ஒரு காரணியாகப் பார்க்கப்படும். அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்குப் பெரும்பாலும் பெரிய உதவி இருக்காது. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் வெளிநாட்டு மாணவருக்கான பக்கத்தைப் படித்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உதவி வேண்டுமென்றால் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள். 'அப்புறம் கேட்டுக்கலாம்' என்பது பல இடங்களில் நடக்காது.

'எர்லி டிசிஷன்' என்ற முறையில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் போடலாம். இடம் கொடுத்தால் சேர்ந்தாக வேண்டும். மாணவர், பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தம் அது. வீட்டில் பேசாமல் அதைத் தொடாதீர்கள். 'எர்லி ஆக்‌ஷன்' என்பதில் அந்தக் கட்டாயம் கிடையாது.

படி 3: ஆசிரியர்களிடம் சீக்கிரம் போங்கள்

பிளஸ் ஒன், பிளஸ் டூவில் உங்களுக்குப் பாடம் எடுத்தவர்களில் இரண்டு பேர் கடிதம் எழுத வேண்டியிருக்கும். ஆலோசகர் கடிதம் என்றும் ஒன்று உண்டு. பள்ளியில் அப்படி ஒருவர் இல்லையென்றால் தலைமை ஆசிரியர் எழுதலாம்.

நம் பள்ளிகளில் அடிக்கடி கேட்கும் பதில், "நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போட்டுத் தரேன்." ஆசிரியர்களுக்கு வேலைப்பளு, அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது நேர்மையில்லை என்பது ஒன்று. உங்கள் கடிதமும் உங்கள் கட்டுரையும் ஒரே குரலில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. அதற்குப் பதிலாக ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்: அந்த வகுப்பில் நீங்கள் கேட்ட ஒரு கேள்வி, தப்பாகச் செய்து திருத்திய ஒரு செய்முறை, குறைந்த மதிப்பெண் வாங்கிய தேர்வுக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பது. தமிழிலேயே கொடுக்கலாம். அது இருந்தால் ஆசிரியருக்கும் எழுதுவது சுலபம்.

படி 4: வீட்டு வேலையும் கணக்கில் வரும்

காமன் ஆப்பில் பத்து செயல்பாடுகளைச் சேர்க்கலாம். ஒவ்வொன்றையும் விவரிக்க இடைவெளியோடு சேர்த்து 150 எழுத்துகள்தான். என்எஸ்எஸ், ரோபாட்டிக்ஸ், மாவட்ட அளவிலான பரிசு எதுவும் இல்லையே என்று பிள்ளைகள் சோர்ந்துபோவது இங்கேதான். அந்தப் பட்டியலில் குடும்பப் பொறுப்புகள் என்று தனி வகையே இருக்கிறது. தம்பியைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவது, படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியைக் கவனிப்பது, கடையில் உட்காருவது எல்லாம் அதில் வரும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். உண்மையான கணக்கைப் போடுங்கள். 'வீட்டுக்கு உதவினேன்' என்று விடாமல், 'தினமும் மாலை 2 மணி நேரம் மளிகைக் கடைக் கணக்கு. 40 கடன் கணக்குகளை நோட்டிலிருந்து எக்செல்லுக்கு மாற்றினேன்' என்ற அளவுக்கு எழுதுங்கள்.

படி 5: கட்டுரை

ஏழு தலைப்புகள் கொடுப்பார்கள். ஏழாவது உங்கள் விருப்பத் தலைப்பு. 250 வார்த்தைக்குக் குறையக் கூடாது, 650ஐத் தாண்டக் கூடாது. நாம் சின்ன வயதிலிருந்து எழுதிப் பழகியது முன்னுரை, பொருளுரை, முடிவுரை. அந்தப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். 'சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்' என்று தொடங்கும் கட்டுரை யாருடையதாகவும் இருக்கலாம். படிப்பவருக்கு உங்களைத் தெரிய வேண்டும்.

போன வருடம் ஒரு பெண் தன் முதல் வரைவைக் கொண்டுவந்தாள். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.) அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். கட்டுரையில் 'தையல் கடை எனக்கு உழைப்பையும் விடாமுயற்சியையும் கற்றுக்கொடுத்தது' என்று இருந்தது. தாளை ஓரமாக வைத்துவிட்டு, "கடையில் நீ என்னதான் செய்வாய்?" என்று கேட்டேன். "அளவு நோட்டு எழுதுவேன்க்கா" என்றாள்.

அப்புறம் அரை மணி நேரம் பேசினாள். வருகிறவர்கள் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்து, "இதைவிடக் கொஞ்சம் லூசா வைங்க" என்பார்களாம். யாருடைய 'கொஞ்சம்' அரை அங்குலம், யாருடையது ஒரு அங்குலம் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த பத்து நாளும் இவள்தான் அளவு வாங்கினாள். அவற்றில் ஆறு ஜாக்கெட் பிரித்துத் தைக்கத் திரும்பி வந்துவிட்டன. அதன் பிறகு நோட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டாள். ஒன்றில் அவர்கள் சொன்ன வார்த்தை, இன்னொன்றில் கடைசியில் தைத்த அளவு. நான்கு மாதத்தில், ஒருவருடைய 'கொஞ்சம்' எவ்வளவு என்று அம்மாவைக் கேட்காமலே சொல்ல முடிந்தது. காட்டன் துணிக்கு மட்டும் கணக்கு தப்பியது. துவைத்தால் சுருங்கும் என்பதை அவள் சேர்த்திருக்கவில்லை.

அவள் படிக்க விரும்பியது புள்ளியியல். அதை அவள் முதல் வரைவில் எங்கேயும் சொல்லவில்லை!

இதிலிருந்து நான் எல்லாரையும் செய்யச் சொல்வது இதுதான். முதலில் எழுதாதீர்கள், பேசுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் தமிழில் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள். அதைக் கேட்டுத் தமிழிலேயே ஒரு வரைவு எழுதுங்கள். ஆங்கிலத்துக்குப் போவது அதற்கப்புறம்தான். ஆங்கிலத்தில் நேராகத் தொடங்கினால் நமக்குத் தெரிந்த வாக்கியங்கள் மட்டும் வரும்; தெரிந்த விஷயங்கள் வராது. அவளுடைய ஆங்கில வரைவு முதலில் 1,100 வார்த்தை. முதல் பத்தியை முழுசாக எடுத்தோம், ஜாக்கெட்டுகள் திரும்பி வந்த நாளிலிருந்து தொடங்கினோம், 640க்கு வந்தது. கடினமான ஆங்கிலச் சொற்களைத் தேடிப் போடவில்லை. 'அளவு ஜாக்கெட்' என்பதை அப்படியே வைத்து, பக்கத்தில் ஒரு வரியில் விளக்கினாள்.

காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஏஐ செயலிகளும் இருக்கின்றன. இரண்டும் வேண்டாம். ஏஐ எழுதியதைத் தன்னுடையதாகக் கொடுப்பதைக் காமன் ஆப் மோசடியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. எழுத்துப்பிழையை இன்னொருவர் பார்ப்பதில் தவறில்லை. வாக்கியத்தை அவர் மாற்றினால், அது உங்கள் வாயில் வருமா என்று சத்தமாகப் படித்துப் பாருங்கள்.

படி 6: கூடுதல் கேள்விகள்

'ஏன் எங்கள் கல்லூரி?' என்று பலர் கேட்பார்கள். எழுதியபின் கல்லூரிப் பெயரை மாற்றி வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால் திரும்ப எழுதுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம்: எட்டுக் கேள்விகளில் நான்குக்குப் பதில், ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தை வரை. அங்கே எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. எம்ஐடிக்கும் தனித் தளம். அங்கே எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற இன்னொரு தேர்வான ஏசிடி கட்டாயம்.

படி 7: அனுப்புவதும் அதற்குப் பிறகும்

கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். அனுப்பும் முன் பிடிஎஃப் முன்னோட்டத்தைத் தாளில் அச்செடுத்து, அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க, பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் ஆகியவற்றைச் சரிபாருங்கள். விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் ஒரு கல்லூரிக்கு 50 முதல் 90 டாலர்; கட்ட முடியாவிட்டால் விலக்குக் கேட்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

அனுப்பியபின் ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில் உங்களுக்கு ஒரு கணக்கு திறந்து, விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பும். எந்தக் கடிதம் வரவில்லை, எந்த மதிப்பெண் சேரவில்லை என்பதெல்லாம் அதில் தெரியும்; வாரம் ஒருமுறை பாருங்கள். அரையாண்டு மதிப்பெண் வந்ததும் பள்ளி அதை அனுப்ப வேண்டும், நினைவுபடுத்துங்கள். முன்கூட்டிய விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர் நடுவிலும், மற்றவற்றுக்கு மார்ச் கடைசியை ஒட்டியும் பதில் வரும். சேருகிறேன் என்று சொல்ல வழக்கமாக மே 1 வரை நேரம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இறுதி மதிப்பெண் பட்டியலைப் பள்ளி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் அலுவலகம் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்பதை ஏப்ரலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.