ஆர்பிபி4 புரதத்தில் ரெட்டினாலை ஏற்றுவது, ஏறியதா என்று பார்ப்பது

ரத்தத்தில் ரெட்டினாலை, அதாவது விட்டமின் ஏ-யைச் சுமந்து செல்லும் ஆர்பிபி4 சிறிய புரதம்: 183 அமினோ அமிலங்கள், சுமார் 21 கிலோடால்டன், உள்ளே மூன்று டைசல்ஃபைடு (கந்தகம்–கந்தகம்) பிணைப்புகள். ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்தால் பெரும்பாலும் கரையாத திரளாகத்தான் வரும். கரைத்து மீண்டும் மடிக்க வேண்டும். ஜெல்லில் ஒற்றைப் பட்டை தெரிந்தால் புரதம் சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதான். மடிப்பு சரியா என்பதை ரெட்டினால்தான் சொல்லும்.

வாங்கும்போதே மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, ஆல்புமின் சேர்க்காத குப்பியாக இருக்கட்டும்; ஆல்புமினும் ரெட்டினாலைப் பிடிக்கும், அளவீடு கெடும். இரண்டு, ஹிஸ்-டேக் (புரதத்தைப் பிரித்தெடுக்கச் சேர்க்கும் ஹிஸ்டிடின் வால்) எந்த முனையில் இருக்கிறது? ரத்தத்தில் ஆர்பிபி4-உடன் சேர்ந்து செல்லும் டிரான்ஸ்தைரெட்டின் புரதத்தைத் தொடும் பரப்பில் ஆர்பிபி4-இன் சி-முனைக்குப் பங்கு உண்டு என்பதால், அந்தப் பிணைப்பை ஆராய்பவர்களுக்கு என்-முனை டேக்தான் பாதுகாப்பு. மூன்று, ரெட்டினால் ஏற்கெனவே ஏறியதா, வெறும் புரதமா? மடிக்கும்போதே ரெட்டினால் சேர்ப்பவர்கள் உண்டு. விவரத்தாள் சொல்லாவிட்டால் 330 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள்.

உறைஉலர் தூள் குப்பியைத் திறக்குமுன் சில விநாடி சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுங்கள். தூள் மூடியில் ஒட்டியிருக்கும். விவரத்தாள் வேறு சொல்லாவிட்டால் பிபிஎஸ் எனும் பாஸ்பேட் உப்புக் கரைசல் (பிஎச் 7.4) ஊற்றி 15 நிமிடம் விடுங்கள். வோர்டெக்ஸ் குலுக்கி வேண்டாம், நுரைத்தால் புரதம் கெடும். டிடிடி, மெர்கேப்டோஎத்தனால் போன்ற டைசல்ஃபைடை உடைக்கும் பொருள் எதையும் அருகில் கொண்டுவராதீர்கள். டைசல்ஃபைடு உடைந்தால் ரெட்டினால் உட்காரும் குழியும் குலைந்துவிடும். சிறு பங்குகளாகப் பிரித்து -80 டிகிரியில் வையுங்கள்.

இனி ரெட்டினால். மங்கலான மஞ்சள் ஒளியில், முழு எத்தனாலில் கரைத்து, பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் ஆர்கான் வாயு நிரப்பி வையுங்கள். எடை போட்ட கணக்கை நம்ப வேண்டாம். எத்தனாலில் நீர்த்து 325 நானோமீட்டரில் அளந்து, மோலார் உறிஞ்சல் எண் சுமார் 52,500 என்று வைத்துச் செறிவைக் கணக்கிடுங்கள். 10 மைக்ரோமோலார் கரைசல் ஏறத்தாழ 0.53 காட்டும். 250 முதல் 450 வரை முழு நிறமாலையையும் ஓட்டுங்கள். 380 பக்கம் தோள்போல எழுந்தால், ரெட்டினால் ஆக்சிஜனேறி ரெட்டினால்டிஹைடு உருவாகிவிட்டது; அந்தக் கரைசலைக் கொட்டிவிடலாம்.

ஏற்றும் அளவு இது: 20 மைக்ரோமோலார் (0.42 மி.கி./மி.லி.) புரதம் 500 மைக்ரோலிட்டர், அதில் 3 மில்லிமோலார் ரெட்டினால் 5 மைக்ரோலிட்டர். அதாவது ஒன்றரை மடங்கு ரெட்டினால், எத்தனால் 1 விழுக்காடு. ஐந்தையும் ஒரே மூச்சில் ஊற்றாதீர்கள். தண்ணீரில் ரெட்டினால் அநேகமாகக் கரையாது, புரதத்தைச் சேருமுன் திரண்டுவிடும். ஒவ்வொரு மைக்ரோலிட்டராகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் மெல்லக் கலக்கி, இருட்டில் அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம் விடுங்கள்.

மிச்ச ரெட்டினாலை டயாலிசிஸில் நீக்கப் பார்ப்பது வீண் வேலை. கரையாத பொருள் சவ்வைத் தாண்டி எங்கே போகும்? வேகமாகச் சுற்றித் திரளை அடியில் படியவிட்டு, மேலிருப்பதை உப்பு நீக்கும் சிறு நிரல் வழியே விடுங்கள். பிறகு 330-க்கும் (ஏறிய ரெட்டினால்) 280-க்கும் (புரதம்) உள்ள உறிஞ்சல் விகிதத்தை எடுங்கள். முழுக்க ஏறியிருந்தால் 1-ஐ ஒட்டி வரும், 0.5 என்றால் ஏறத்தாழப் பாதி. 400 நானோமீட்டரில் அளவு பூஜ்யத்தை ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கரைசல் கலங்கலாக இருக்கிறது, அந்த விகிதத்துக்கு மதிப்பில்லை.

விகிதம் 0.6-ஐத் தாண்டவே இல்லை என்றால், ரெட்டினால் நல்லதென்று முதலில் உறுதிசெய்யுங்கள். அது நல்லதாக இருந்தால், தவறு மடிப்பில். கூடுதல் ரெட்டினால் ஊற்றினால் திரள்தான் கூடும்.

பிணைப்பு வலிமை வேண்டுமானால் ஒளிர்வு அளவீடு: 330-இல் தூண்டி 460-ஐ ஒட்டி எழும் ஒளிர்வைப் பாருங்கள், அல்லது 280-இல் தூண்டி 340-இல் டிரிப்டோஃபான் ஒளிர்வு மங்குவதைப் பாருங்கள். குவார்ட்ஸ் குவெட்தான், பிளாஸ்டிக்கில் ரெட்டினால் ஒட்டிக்கொள்ளும். படிக்கும் நேரம் மட்டும் ஷட்டரைத் திறங்கள், திறந்தே விட்டால் ரெட்டினால் வெளுத்துப்போகும். பிரிகை மாறிலி (பாதிப் புரதத்தில் ரெட்டினால் ஏறியிருக்கும்போது கட்டற்ற ரெட்டினாலின் செறிவு) மைக்ரோமோலாரின் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பதால், 1 மைக்ரோமோலார் புரதத்தில் எளிய வளைகோட்டுச் சூத்திரம் பொய் சொல்லும். ஒட்டிய ரெட்டினாலைக் கழிக்கும் இருபடிச் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள்.

டிரான்ஸ்தைரெட்டினோடு சேர்க்கும்போது உப்பைக் குறைக்காதீர்கள். 150 மில்லிமோலார் சோடியம் குளோரைடு இருக்கட்டும். உப்பு மிகக் குறைந்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

செல்களில் இடுபவர்கள் எண்டோடாக்சினை (ஈ.கோலையின் வெளிச்சவ்விலிருந்து வரும் நச்சுப்பொருள்) அளக்காமல் தொடங்கக்கூடாது. மேக்ரோஃபேஜ் அழற்சியைத் தூண்டியது ஆர்பிபி4-ஆ, ஈ.கோலை மிச்சமா என்று பின்னால் பிரிப்பது கடினம். எண்டோடாக்சினைக் கட்டிப்போடும் பாலிமிக்சின் பி சேர்த்த ஒரு குழுவும், கொதிக்க வைத்த புரதம் இட்ட ஒரு குழுவும் வையுங்கள். கொதித்த பிறகும் அதே விளைவு வந்தால் எண்டோடாக்சினைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.