வயரில் ஓடும் புகை அலாரம்: பூட்டும்போது நடக்கும் தவறுகள்

கனடாவின் ஒன்ராறியோவில் ஓரளவு புதிய வீடு என்றால், சீலிங்கில் இருக்கும் புகை அலாரம் பற்றரியை மட்டும் நம்பி ஓடாது. 120 வோல்ற் மின்சாரம் அதற்கு நேரடியாக வரும். பற்றரி, கரண்ட் போகும் நேரத்துக்குத்தான். இதைவிட முக்கியம், வீட்டில் இருக்கும் எல்லா அலாரங்களையும் ஒரு தனி வயர் இணைத்திருப்பது. பேஸ்மென்றில் புகை வந்தால், இரண்டாம் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குபவரின் அறைக்கு வெளியிலும் அதே நொடியில் அலாரம் அலறும். இந்த அமைப்புக்கு இவ்வளவு செலவழிப்பதே இதற்காகத்தான். ஆனால் வீடுகளில் நடக்கும் தவறுகளில் பல, இந்த இணைப்பைத் தெரியாமலே அறுத்துவிடுபவை.

முதலாவது, பழையது கீச்சிட ஆரம்பித்ததும் கடைக்குப் போய் மலிவான பற்றரி அலாரம் ஒன்றை வாங்கி, அதே ஓட்டைக்கு மேல் திருகி விடுவது. வயர்கள் சீலிங்குக்குள் சும்மா கிடக்கும். பார்க்க அலாரம் இருப்பதுபோலத்தான் இருக்கும், ஆனால் மற்ற மாடிகளுக்கு அது எதையும் சொல்லாது. ஒன்ராறியோவில் இது சட்டப்படியும் தவறு: இருந்த பாதுகாப்பை விடக் குறைந்த ஒன்றை மாற்றாகப் போட முடியாது. வயரில் ஓடியது வயரில்தான் ஓட வேண்டும். புதிய கட்டட விதிப்படி கட்டிய பல வீடுகளில் அலாரத்தோடு பளிச்சிடும் வெளிச்சமும் இருக்கும். காது கேளாதவர்களுக்காக வந்த ஏற்பாடு அது. மாற்றும்போது வெளிச்சம் இல்லாததைப் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, கிட் (Kidde), ஃபர்ஸ்ட் அலெர்ட் (First Alert) என்று வேறு வேறு கம்பனிகளின் அலாரங்களைக் கலந்து பூட்டுவது. அலாரத்தின் பின்னால் சொருகும் மூன்று வயர் கொண்ட பிளக் கம்பனிக்குக் கம்பனி வேறு. சிலர் அந்த முனையை வெட்டி, வயரை வயரோடு முறுக்கி வேலையை முடித்துவிடுகிறார்கள். பொத்தானை அழுத்தினால் ஒருவேளை எல்லாம் அலறவும் செய்யும். ஆனால் ஒரு கம்பனியின் இணைப்புச் சைகை மற்றதோடு ஒத்துப்போகும் என்று யாரும் சோதித்து உத்தரவாதம் தந்ததில்லை. கையேட்டிலும் கலக்காதே என்றுதான் எழுதியிருக்கும். ஒன்றை மாற்றுகிறீர்கள் என்றால், மற்றவற்றோடு ஒத்துப்போவதாகக் கையேடு சொல்லும் அதே கம்பனி மாடலைத் தேடுங்கள். எல்லாமே பத்து வயதை நெருங்குகின்றன என்றால், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவதே நல்லது.

வயரிங் வேலை தனியாகப் பார்த்தால் சின்னதுதான். பனலில் பிரேக்கரை அணைத்து, டெஸ்டரால் ஒருமுறை சோதித்துவிட்டு, கறுப்பைக் கறுப்போடும் வெள்ளையை வெள்ளையோடும் சேர்த்து மாரெற் (வயர் முனைகளை இணைத்து மூடும் திருகு மூடி) போட வேண்டும். மூன்றாவது வயர்தான் ஆட்களைக் குழப்புகிறது. சீலிங்கில் இருந்து வருவது பெரும்பாலும் சிவப்பு. அலாரத்தின் பக்கம் அது சிவப்பாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கும். அதுதான் இணைப்பு வயர். அதில் போவது சிறிய சைகை மின்னழுத்தம் மட்டும். அதைக் கறுப்போடு சேர்த்தால் அலாரம் பழுதாகும், மற்ற மாடிகளில் இருப்பவையும் பழுதாகலாம். என்னவென்று தெரியாமல் அதை மூடி விட்டுவிட்டால், அந்த அலாரம் தனிமரம். வெற்றுச் செப்பு வயர் அலாரத்துக்கு வராது. அது சீலிங்கில் உள்ள மின்பெட்டிக்குள்ளேயே நிற்க வேண்டும்.

பழையதைக் கழற்றி அதே இடத்தில் புதியதைப் பூட்டுவது வேறு, புதிதாகக் கேபிள் இழுப்பது வேறு. கேபிள் இழுப்பது மின்சார வேலை. அதற்கு மின்சாரப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்து அனுமதி எடுக்க வேண்டும். காசு கொடுத்துச் செய்விப்பதானால் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் செய்யலாம். "தெரிந்த பெடியன் ஒருவன் இருக்கிறான்" என்பது இந்த வேலைக்கு வேண்டாம். அலாரத்துக்கும் பிரேக்கருக்கும் நடுவில் எந்தச் சுவிச்சும் வரக்கூடாது. மின்விளக்குகள் ஓடும் சர்க்கியூற்றில் அதைச் சேர்ப்பதற்கும் நல்ல காரணம் உண்டு: பிரேக்கர் விழுந்தால் விளக்கு எரியாது, உங்களுக்கு உடனே தெரியும். தனிச் சர்க்கியூற் என்றால் பற்றரி தீரும்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

நம்மவர்கள் வீடுகளில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது பேஸ்மென்ற். வீடு வாங்கிய பிறகு கீழே குசினி, அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறோம். மேலே வயரில் ஓடும் அலாரங்கள். கீழே பற்றரியில் ஓடும் ஒன்று. கீழே தீப்பிடித்தால் மேலே கேட்காது, மேலே பிடித்தால் கீழே கேட்காது. கீழே இருப்பவர்களுக்கு வெளியேறும் வழியும் பெரும்பாலும் ஒன்றுதான். சீலிங் மூடிவிட்டதால் கேபிள் இழுக்க முடியாது என்றால், ரேடியோ அலையால் ஒன்றோடொன்று பேசும் அலாரங்கள் கிடைக்கின்றன, அவற்றை யோசியுங்கள். இரண்டு வீடாகப் பிரித்த வீட்டுக்குத் தனி விதிகளும் உண்டு, நகரத்துத் தீயணைப்புத் துறையிடம் கேட்டால் சொல்வார்கள். அலாரத்தைப் பூட்டிப் பராமரிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகைக்கு இருப்பவர் அதைக் கழற்றி வைப்பதும் குற்றம்தான்.

அப்படி ஏன் கழற்றுகிறார்கள்? சமையல்தான். செத்தல் மிளகாய் வறுத்தாலும் சாம்பிராணி போட்டாலும் அலறுகிறது என்று பிளாஸ்டிக் பையைக் கட்டி விடுகிறார்கள். அலாரத்தில் குறையில்லை, இடத்தில்தான் குறை. அடுப்பில் இருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்க வேண்டும். 20 அடிக்குள் என்றால் ஒளியால் புகையைக் கண்டறியும் வகையாக இருப்பது நல்லது. இன்னொரு வகையான அயனி (ionization) வகை சமையல் ஆவிக்குச் சீக்கிரம் ஏமாறும். மெத்தையும் சோபாவும் புகைந்து புகைந்து எரியும் தீயையும் ஒளி வகைதான் முன்னதாகக் கண்டுபிடிக்கும். குளியலறைக் கதவு, ஹீற்றர் காற்று வரும் துவாரம், சீலிங் ஃபான் இறக்கையின் நுனி, இவை ஒவ்வொன்றில் இருந்தும் 3 அடியாவது விடுங்கள். சாய்ந்த சீலிங் என்றால் உச்சியை ஒட்டிய கடைசி 4 அங்குலத்தில் பூட்டக்கூடாது, அங்கே புகை போய்ச் சேரத் தாமதமாகும்.

பலர் பார்க்காத ஒன்று, சீலிங்கில் மின்பெட்டியைச் சுற்றி இருக்கும் இடைவெளி. குளிர்காலத்தில் மேற்கூரைப் பக்கத்துக் காற்று அதன்வழியாக அலாரத்துக்குள் வீசும். வீட்டுப் புகை உள்ளே போக விடாமல் அது தள்ளிவிடும். அந்த ஓட்டையை அடைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

சரி, காபன் மொனொக்சைட். எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் நச்சு வாயு அது. 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக்கில் காஸ் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டு, ஒரு குடும்பத்தில் பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் அந்த இழப்பில் பிறந்தது. 2014 அக்டோபரில் இருந்து, காஸ் போன்ற எரிபொருள் சாதனமோ, கணப்படுப்போ, ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். 2026 ஜனவரி முதல் ஒவ்வொரு மாடியிலும் வேண்டும். முன்பு ஒன்று பூட்டியதோடு போதும் என்று இருப்பவர்கள் இப்போது எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த வாயு பாரமானது, தரையோரம்தான் தேங்கும் என்று சொல்லி, அலாரத்தைத் தரைக்கு அருகே பூட்டுவார்கள். உண்மையில் அது காற்றைவிட ஒரு துளி இலேசானது, அறை முழுக்கக் கலந்து நிற்கும். புகையையும் இதையும் சேர்த்துப் பார்க்கும் ஒரே அலாரத்தைச் சீலிங்கில் பூட்டுவதில் தவறே இல்லை. ஃபர்னஸுக்குப் பக்கத்திலேயே வேண்டாம். எத்தனை அடி தள்ளி என்பதைக் கையேட்டில் பாருங்கள். கராஜுக்குள்ளும் வேண்டாம். அங்கே உள்ள குளிரும் வாகனப் புகையும் இந்த அலாரத்துக்கு ஆகாது.

இது உடனே அலறும் கருவி அல்ல என்பதும் தெரிந்திருக்க வேண்டும். காற்றில் பத்து லட்சத்துக்கு 70 பங்கு இருந்தால் ஒன்று முதல் நான்கு மணி நேரத்துக்குள் அலறும். 400 பங்கு என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். ஆகவே அது அலறினால், "ஒன்றும் மணக்கவில்லையே" என்று நின்று யோசிக்க இடமில்லை. அந்த வாயுவுக்கு மணமே கிடையாது. தலையிடி, குமட்டல், தலைசுற்று என்று வரும், காய்ச்சல் இருக்காது. எல்லோரும் வெளியே போய் 911-ஐ அழையுங்கள்.

பற்றரியை அலட்சியம் செய்வதும் இதோடு சேர்ந்தது. 2013 டிசம்பரில் ரொறொன்ரோவில் பனிமழை கொட்டி நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனபோது, குளிர் தாங்காமல் கரி அடுப்பையும் ஜெனரேற்றரையும் உள்ளே ஓட்டினார்கள். இந்த வாயு மிக ஆபத்தாவது அப்படிப்பட்ட நேரத்தில்தான், அப்போது அலாரத்துக்கும் பற்றரி மட்டும்தான் துணை. புதிய அலாரத்தில் பற்றரியைத் தடுத்து நிற்கும் பிளாஸ்டிக் துண்டை இழுக்க மறந்தவர்கள் ஏராளம். பெயின்ற் அடிக்கும்போது போட்ட தூசி மூடியைக் கழற்றாமல் விட்டவர்களும் அப்படித்தான்.

பூட்டி முடிந்ததும் ஒரு அலாரத்தின் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்னொருவர் எல்லா மாடிக்கும் போய்க் கேட்கட்டும். பிறகு பிரேக்கரை அணைத்து, பற்றரியில் மட்டும் ஓடவைத்துத் திரும்பச் செய்யுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்களுக்குச் சத்தத்தையும் சொல்லிக்கொடுத்துவிடலாம்: மூன்று முறை அலறி நிறுத்தினால் புகை, நான்கு முறை என்றால் காபன் மொனொக்சைட், நிமிடத்துக்கு ஒரு கீச்சு என்றால் பற்றரி தீர்கிறது அல்லது ஆயுள் முடிகிறது. ஆயுளை எண்ணுவது வாங்கிய நாளில் இருந்து அல்ல. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் தயாரித்த தேதியில் இருந்து. புகை அலாரத்துக்கு 10 ஆண்டு. காபன் மொனொக்சைட் அலாரத்துக்கு மாடலைப் பொறுத்து 5, 7 அல்லது 10. ஏணியில் இருந்து இறங்குவதற்கு முன் அந்தத் தேதியைக் கைபேசியில் படம் எடுத்து, மாற்ற வேண்டிய ஆண்டை மார்க்கரால் அலாரத்தின் பக்கவாட்டிலும் எழுதிவிடுங்கள்.