களிமண் உலையில இரும்பு எடுக்கிறது எப்படி

செம்பு 1085 டிகிரியில உருகிடும், இரும்புக்கு 1538 வேணும், பழைய உலையில அவ்வளவு சூடு வராது, அதனால உருக்க நினைக்காதீங்க, தாதுல இருக்குற ஆக்சிஜன பிரிச்சாலே போதும். தாத வறுத்து சின்னதா உடைங்க. உலைய மரக்கரியில நல்லா சூடாக்கிட்டு கரியும் தாதும் கிட்டத்தட்ட சம எடையில மாத்தி மாத்தி கொட்டுங்க, காத்து ஊதுற துருத்தி நிக்கவே கூடாது. ஆக்சிஜன இழுக்குறது கரியில இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு, அது விஷம், திறந்தவெளியில மட்டும் செய்ங்க ப்ளீஸ்.

1200 டிகிரி பக்கம் கசடு, அதாவது தாதுல இருக்குற கல்லும் மண்ணும் சேர்ந்த கழிவு, உருகி வடியும், பஞ்சு மாதிரி இரும்புக் கட்டி தங்கும். அந்தக் காலத்துல பெரிய தலைவலியே இங்கதான், சூடு குறைஞ்சா கசடு உறைஞ்சு காத்துக் குழாய அடைச்சிடும், சூடும் கரியும் ரொம்ப ஏறினா இரும்பு கார்பன உறிஞ்சி வார்ப்பிரும்பாகி சுத்தியல் பட்டதும் உடைஞ்சிடும். கட்டிய ஆறவிடாம உடனே மெதுவா தட்டி மிச்சக் கசட வெளியேத்துங்க.