ஆங்கிலத் தாவரச் சொற்களை இருமுறை பிரித்துப் படிக்கும் முறை

பினாங்கின் சாலையோர அங்சானா மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த நெற்று ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், நடுவில் விதை புடைத்திருக்க, அதைச் சுற்றி மெல்லிய சிறகு வட்டமாக ஓடுவதைக் காணலாம். அம்மரத்தின் பேரினப் பெயரான டெரோகார்ப்பஸ் சொல்வதும் அதுதான். கிரேக்கத்தில் ப்டெரான் என்பது சிறகு. கார்ப்போஸ் என்பது கனி. (நம் வேங்கையும் இதே பேரினத்தைச் சேர்ந்தது.) ஆங்கிலத்தில் இப்பெயரின் தொடக்கத்தில் பி என்னும் எழுத்து எழுதப்பட்டாலும் ஒலிக்கப்படுவதில்லை.

மலேசியாவின் இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.-க்கு உயிரியலை ஆங்கிலத்தில் படிக்கும் என் டியூஷன் மாணவர்களிடம், எந்தச் சொல்லையும் இருமுறை பிரிக்கச் சொல்கிறேன். முதலில் பொருள் நோக்கிப் பிரித்துச் சொல்லின் மேலே பென்சிலால் கோடு போட வேண்டும். அடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அசை முறியும் இடங்களில் கீழே புள்ளி வைக்க வேண்டும். கோடும் புள்ளியும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்பதில்லை.

மெராந்தி, கெருயிங் முதலிய மரங்களின் குடும்பத்தைக் குறிக்கும் டிப்டெரோகார்ப் என்ற சொல் இதற்கு நல்ல பயிற்சி. பொருளால் பிரித்தால் இரண்டு, சிறகு, கனி என மூன்று துண்டுகள் கிடைக்கும். ஓசையால் பிரித்தாலோ டிப்-டெ-ரோ-கார்ப் என்றாகி, சிறகுக்குரிய பி எழுத்து முன்னொட்டோடு போய் ஒட்டிக்கொள்கிறது. முன்னால் உயிரொலி துணைக்கு வந்துவிட்டதால் இங்கே அது ஒலிக்கவும் செய்கிறது. அசை மெய்யில் முடிவதால் அதன் உயிர் குறுகுகிறது. இருவித்திலைத் தாவரத்தைக் குறிக்கும் டைகாட்டிலீடன் என்ற சொல்லில் அதே முன்னொட்டு உயிரிலேயே முடிவதால் டை என நீண்டு ஒலிக்கிறது. மாணவி ஒருத்தி டைடெரோகார்ப் என்று படித்தபோது, அவள் முன்னொட்டை இனங்கண்டுவிட்டாள் என்றே எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது; திருத்தியது பிறகுதான்.

உயிரெழுத்தில் தொடங்கும் சொல் பின்னால் வந்தால், மோனோ என்ற முன்னொட்டு தன் கடைசி உயிரை இழந்து மோன் என நிற்கும். ஒற்றை மகரந்தத்தாள் உடைய பூவைக் குறிக்கும் மொனாண்ட்ரஸ் என்ற சொல்லில், அந்த மெய் அடுத்த உயிரோடு சேர்ந்து மொ-நாண்-ட்ரஸ் என ஒலிக்கிறது. தமிழ் என்பதும் ஆசிரியர் என்பதும் சேரும்போது ழகர மெய்யின்மேல் ஆகாரம் ஏறித் தமிழாசிரியர் ஆவதை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

தண்ணீர்மலை அடிவாரத்தில் 1884-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவுக்குப் போனால், மரக்கிளைகளில் பற்றி வளரும் பறவைக்கூட்டுப் பெரணியைப் பாருங்கள். அது எபிஃபைட்; எபி என்றால் மேலே, ஃபைட்டான் என்றால் தாவரம். இதிலுள்ள பி, எச் ஆகிய இரண்டும் ஒரே கிரேக்க எழுத்துக்கு ஈடானவை என்பதால், அவற்றுக்கு நடுவே கோடோ புள்ளியோ விழவே கூடாது.

கார்னேஷன் பூச்செடியின் பேரினப் பெயரான டையாந்தஸில் மட்டும் ஏமாந்துவிட வேண்டாம். ஆந்தோஸ் என்றால் மலர் என்பதால் இரட்டை மலர் என்று எழுதத் தோன்றும். உண்மையில் அது சியூஸ் கடவுளின் மலர். மேலே கோடு போடும் முன் அகராதியில் சொற்பிறப்பைப் பார்த்துவிடுங்கள்.